பஞ்சத்துக் கீரை

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்தால் என் மாமி முதலில் செய்கிற காரியம், அடுப்படியில் கிடக்கும் கீரைக் கட்டைத் தூக்கி விறகுக்குப் பின்னால் மறைத்து வைப்பது. அதன் பிறகுதான் இஸ்தோப்பைக் கூட்டுவார், பாய் விரிப்பார், கடைக்கு ஆள் அனுப்பிக் கடனுக்குக் கோழி வாங்குவார். கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்கு விளங்கவில்லை. நானும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். எங்கள் வீட்டிலும் கீரை சமைப்பது குறைவு. ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர் தெரிகிற ஒரு டிவிஷனில் இருக்கிறோம். நான் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மாமி நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். கணவர் அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். 2022இல் காஸ் கிடைக்காமல் கடை மூடப்பட்டு ஊருக்குத் திரும்பினார். அந்த வருடம்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறியது. ஆரோக்கியம், சுற்றாடல் என்றெல்லாம் யோசித்து நாங்கள் தொடங்கவில்லை. கோதுமை மா விலை ஏறியது, நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன், கிளினிக்கில் என் ஹீமோகுளோபின் 9.1 என்று எழுதினார்கள்.

கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. படி ஏறினால் மூச்சு வாங்கியதை நான் கர்ப்பத்தின் களைப்பு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். குடும்பநல உத்தியோகத்தர் என்னை உட்காரவைத்து ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும், இரவில் மறுபடி ரொட்டி. அவர் அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. "பிளேன்டீ எப்போது குடிப்பீர்கள், டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். "சாப்பாட்டோடு" என்றேன். வேறு எப்போது குடிப்பது? ரொட்டியை விக்காமல் இறக்குவதே தேநீர்தானே.

அன்று அவர் சொன்னதை நான் இன்றுவரை வகுப்பிலும் வெளியிலும் சொல்லி வருகிறேன். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் வயிற்றில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உடம்பால் அதை உறிஞ்சிக்கொள்ள முடிவதில்லை. இறைச்சியில் உள்ள இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பருப்பு, பயறு, கீரை, மா இவற்றில் உள்ள இரும்பைத்தான் பெரிதும் தடுக்கிறது. எங்கள் தட்டில் இருப்பது முழுக்க அந்த இரண்டாவது வகை. கொஞ்சநஞ்சம் கிடைக்கிற இரும்பையும் நாங்கள் மூன்று வேளையும் தேநீரால் தடுத்துக்கொண்டிருந்தோம். காலையும் மாலையும் தேயிலையோடு புழங்குகிற எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர்; தோட்டங்களில் மட்டும் எடுத்துப் பார்த்தால் 32 பேர். இதற்குத் தேநீர் மட்டும் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. கூலி, தண்ணீர், கழிப்பறை, குறைமாதப் பிரசவம் என்று நிறைய இருக்கின்றன. ஆனால் காசு செலவில்லாமல் நாங்களே திருத்திக்கொள்ளக் கூடியது அந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

திருத்துவது சுலபமாக இருக்கவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர் கூடாது என்று எழுதிவிடலாம். விடியற்காலையில் கை விறைக்கிற குளிரில் மலைக்குப் போகிற ஒருவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சூடாக ஒன்றும் குடிக்காமல் எப்படிப் பிள்ளை மலை ஏறுவது?" கேள்வி நியாயமானது. சூடுதான் தேவை என்றால் அது தேநீராகத்தான் இருக்க வேண்டுமா என்று யோசித்தோம். இஞ்சி தட்டிப் போட்ட சுடுநீர், சில நாள் கொத்தமல்லித் தண்ணீர். காலை ரொட்டியோடு அது. பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் வெறும் தேநீர், அதோடு ஒன்றும் சாப்பிடுவதில்லை. பகல் சாப்பாட்டில் தேசிக்காய் (எலுமிச்சை)ப் புளி கட்டாயம், ஏனென்றால் அதில் உள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உடம்பில் சேர்க்கிறது. தேசிக்காய் விலை ஏறினால் கொய்யாப்பழம். வெலிமடைப் பக்கம் போய் வருகிறவர்கள் நெல்லிக்காய் கொண்டுவந்தால் அது. எனக்குக் கொடுத்த இரும்புக் குளிசையை இரவிலும், கல்சியம் குளிசையை காலையிலுமாகப் பிரித்தேன். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

தேநீர் வேளைகள் குறைந்ததும் சீனியும் தானாகக் குறைந்தது. முன்பு ஆளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி. அதைக் கணக்குப் போட்டால் ஒருவருக்கு ஒரு நாளில் ஐம்பது கிராமுக்கு மேல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் உச்ச அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் பாதியாகக் குறைப்பது நல்லது என்கிறார்கள். மாமி பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்: உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, நாக்கில் தொட்டுத் தொட்டு வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்பது. மாதம் ஏழு கிலோ வாங்கிய வீட்டில் இப்போது மூன்று போதும்.

அடுத்தது மா. இந்தத் தீவில் கோதுமை விளைவதில்லை. எங்கோ விளைந்து, கப்பலேறி வந்து, அரைபட்டு, லொறியில் மலை ஏறி எங்கள் ரொட்டிக் கல்லுக்கு வருகிறது. நாங்கள் அதைப் பாட்டன் காலத்து உணவு என்று நினைக்கிறோம். தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் முன்னோர் சோறும் கேழ்வரகும் சாப்பிட்டவர்கள்; மா பின்னால் தோட்டத்துக் கணக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. நூறு ரூபாய்க்கும் குறைவாக விற்ற கிலோ மா 2022இல் முந்நூறைத் தாண்டியபோதுதான், எவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒன்றை நம்பி அடுப்பு மூட்டுகிறோம் என்று உறைத்தது.

குரக்கன் மா வாங்கினேன். கேழ்வரகைத்தான் நாம் இங்கே குரக்கன் என்கிறோம். ஊவாவின் வறண்ட பக்கங்களில் அதிகத் தண்ணீர் கேட்காமல் விளைவது; நார்ச்சத்தும் கல்சியமும் மிகுந்தது. முதல் நாள் முழுக்க அதிலேயே ரொட்டி தட்டினேன். கல்லிலேயே உடைந்துபோயிற்று, மூத்தவள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள். இரண்டாவது வாரம் மூன்று பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு குரக்கன், அதோடு அவித்து மசித்த வற்றாளைக் கிழங்கு கொஞ்சம். கிழங்குதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. சுடுநீரில் பிசைய வேண்டும், அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இப்போது பாதிக்குப் பாதி வரை வந்திருக்கிறோம். அதற்கு மேல் பிள்ளைகள் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வாரத்தில் இரண்டு இரவு ரொட்டியே இல்லை: அவித்த மரவள்ளி அல்லது வற்றாளை, அல்லது கம்பளையில் இருக்கும் அக்கா பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் பலாக்காய். எங்கள் உயரத்துக்குப் பலா சரியாகக் காய்ப்பதில்லை. கீழே கம்பளையில் அது காய்த்து விழுந்து வீணாகிறது.

கீரைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

குடும்பநல உத்தியோகத்தர் தினம் ஒரு கைப்பிடி கீரை சாப்பிடச் சொல்லியிருந்தார். நான் அதை வீட்டில் சொன்ன அன்று மாமி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மலையிலிருந்து வரும்போது அவருடைய சாக்கில் மூன்று விதமான இலை இருந்தது. வல்லாரை எனக்குத் தெரியும். மற்ற இரண்டும் தெரியாது. ஒன்று மணத்தக்காளி என்றார், மற்றது குப்பைக்கீரை. எதை எதோடு சேர்த்து அவிக்க வேண்டும், எதன் தண்ணீரை வடித்துவிட வேண்டும், எது பூத்த பிறகு கசக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர் சொல்லிக்கொண்டே போக, பதினான்கு வகை எண்ணினேன். "இவ்வளவும் எப்படித் தெரியும் மாமி? இதையெல்லாம் ஒரு நாளும் சமைத்ததில்லையே" என்றேன்.

1974இல் அவருக்குப் பத்து வயது. அதற்கு முந்திய வருடமே அரிசியும் மாவும் சீனியும் சுருங்கிவிட்டன; பங்கீட்டைக் குறைத்தார்கள், மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் தடை இருந்தது. வயல் இல்லாத, வெளியே போய்ப் பழக்கம் இல்லாத தோட்டத்து மக்களைத்தான் அது மோசமாகத் தாக்கியது. அந்த வருடம் தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியது பதிவாகியிருக்கிறது. மாமியின் தாயார் விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிக் கான் (வடிகால்) ஓரங்களுக்கு அனுப்புவாராம். பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் வந்து பறிப்பதற்குள் பறிக்க வேண்டும். உப்பு வாங்கக் காசில்லாமல் வெறும் இலையை அவித்துக் குடித்த நாள்கள் உண்டு. தம்பி ஒருவன் அந்த வருடம் தவறிவிட்டான். "அவன் கடைசியாகக் குடித்தது கீரைத் தண்ணீர்" என்று சொல்லிவிட்டு மாமி இலையை ஆயத் தொடங்கினார்.

விருந்தாளிக்கு முன்னால் கீரையை ஏன் மறைக்கிறார் என்று அன்று புரிந்தது. கீரையைப் பார்த்தால் அவருக்கு அந்த வருடம்தான் வருகிறது. சோறும் கோழியும் போட்டால்தான் நாங்கள் தலைநிமிர்ந்து வாழ்கிறோம் என்று வருகிறவருக்குச் சொன்னதாகும். தோட்டங்களுக்கு வந்து "கீரை சாப்பிடுங்கள், மலிவானது, சத்தானது" என்று பேசிவிட்டுப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: மலிவு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எங்கள் பெரியவர்களின் காதில் அது பஞ்சம் என்றுதான் விழுகிறது. மாமியிடம் நான் கேட்ட விதத்தை மாற்றினேன். உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, கற்றுத்தாருங்கள் என்றேன். அதன் பிறகு அவர் எனக்குக் குறைவைக்கவில்லை.

ஆனால் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு நாள் தேயிலை மலையில் கான் ஓரம் தழைத்திருந்த வல்லாரையை மாமி பறித்து வந்தார், பச்சையாகச் சம்பல் அரைத்துச் சாப்பிட்டேன். நான்கைந்து நாள் கழித்து அதே இடம் முழுக்க மஞ்சளடித்து வாடிக் கிடப்பதை அவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். புல் மருந்து அடித்திருக்கிறார்கள். அடித்த அன்று இலை பச்சையாகவே இருக்கும். வாடுவதற்கு நாள் எடுக்கும். ஆறு மாதக் கர்ப்பிணி நான். இரவு முழுக்க உறங்கவில்லை, காலையில் முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனேன். நல்லவேளை, எனக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் நாட்டில் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கு மறுபடி அனுமதித்தார்கள். தடை இருந்த வருடங்களில் எங்கள் மலையில் கையால் புல் வெட்டினார்கள், அந்தக் கீரையை நம்பிப் பறித்தோம். மாமியின் சின்ன வயதில் இந்த மருந்தே வந்திருக்கவில்லை. அவருடைய அறிவு சரியானது. அவர் அறிந்த மண்தான் மாறியிருந்தது.

அன்றோடு தேயிலைக்குள் பறிப்பதை முற்றாக நிறுத்தினோம். மருந்து அடிக்காத மேட்டிலிருந்து வல்லாரையை வேரோடு கொண்டுவந்து, அரிசிச் சாக்கை மடித்து மண் நிரப்பி அதில் நட்டோம். லயத்துக் கான் ஓரத்தில் நடக்கூடாது: கழிப்பறை நீர் கசிகிற இடத்து வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிட்டால் பூச்சியும் வயிற்றோட்டமும் நிச்சயம். மருந்து வந்த கேனை வெட்டி அதில் கீரை வளர்ப்பதும், தண்ணீர் பிடித்து வைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கழுவினாலும் அது போவதில்லை.

இனி மரக்கறி. என் கொழுந்தன் லயத்துக்குப் பின்னால் சரிவில் குத்தகைக்கு லீக்ஸும் கரட்டும் பீட்ரூட்டும் போடுகிறார். அந்தத் தோட்டத்தின் ஒரு மூலையில் இரண்டு பாத்திக்கு மட்டும் அவர் மருந்து அடிப்பதில்லை என்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "அது வீட்டுக்கு, அண்ணி." விற்பதற்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது அவர் விளைச்சலில் பெரும்பகுதியை இழந்து கடனில் விழுந்தவர். பல போகம் உரம் குடித்துப் பழகிய மண்ணை ஓர் அறிவிப்பால் மாற்ற முடியாது. ஆனாலும் கொழும்பில் அந்தக் கரட்டைத் தின்கிற பிள்ளையும் பிள்ளைதானே என்று சொன்னேன். இப்போது போத்தலில் எழுதியிருக்கிறபடி கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் இடையில் நாள் விடுகிறார். மாட்டெருவும் சமையல் கழிவும் சேர்த்துக் கூட்டெரு போடுகிறோம். மழைக் காலத்தில் அதை மூடி வைக்காவிட்டால் சத்தெல்லாம் கரைந்து ஆற்றுக்குப் போகும். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிவிட்டார். முன்பு மேலிருந்து கீழாக வெட்டியிருந்ததால் ஒவ்வொரு தென்மேல் பருவமழைக்கும் மேல்மண் கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. கீழே தெரிகிற நீர் மழைக்குப் பிறகு தேநீர் நிறத்தில் இருப்பது எங்கள் மண்ணால்தான்.

சந்தைக்குக் கட்டும்போது அவர் வெட்டி எறிகிற இலைகள்தான் இன்று எங்கள் வீட்டின் பாதிக் கீரை. பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, நோகோல் இலை, லீக்ஸின் பச்சைப் பாகம். எல்லாவற்றையும் மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டு இரண்டு நிமிடம் சுண்டலாகக் கிளறி, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட வேண்டும். அடுப்பிலேயே புளி விட்டால் நிறமும் கெடும், உயிர்ச்சத்தும் குறையும். வீட்டுக்கான பாத்தியின் இலையைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். சௌசௌ கொடியின் இளங்கொழுந்தைப் பறித்தால் கொடி இன்னும் அதிகமாகக் கிளைக்கிறது. கொழுந்து பறித்த கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விறகைப் பற்றி ஒன்று. காஸ் இல்லாத மாதங்களில் எல்லோரும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறுக்கும் காட்டு மரத்துக்கும் ஓடினோம். லயத்துக்குள் புகை, மூத்தவளுக்கு இருமல். பயறையும் கௌபியையும் இரவே ஊறப்போட்டால் பாதி விறகு மிச்சம். ஒரு கொதி வந்ததும் சட்டியை மூடி, பழைய துணி அடைத்த மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் பச்சைப்பயறு தன் சூட்டிலேயே வெந்துவிடும். முற்றிய போஞ்சி விதைக்கு மட்டும் இந்த வழி கூடாது. அதை ஊறவைத்து, ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் அது வாந்தியெடுக்க வைக்கும்.

சாப்பாடு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாளான லன்ச் சீட்டை விட்டு எவர்சில்வர் பெட்டிக்கு மாறியது பெரிய கதை இல்லை. 2017 முதல் அந்தத் தாளுக்குத் தடை இருந்தும் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது, நாங்களும் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு மழையில் கான் அடைத்து லயத்துக்குள் தண்ணீர் வந்தது. அள்ளிப் பார்த்தால் முழுக்க லன்ச் சீட்டும் பிஸ்கட் தாளும். என் வகுப்புப் பிள்ளைகளின் தாள்களும் அதில் இருந்திருக்கும். இப்போது இடைவேளைக்கு அவித்த பயறோ கடலையோ கொண்டுவரும் பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர். மற்றப் பாதியை நான் கண்டிப்பதில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிற தாய்க்கு ஒரு பிஸ்கட் பொதி எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்.

பிரசவத்துக்கு முன் எடுத்த கடைசிப் பரிசோதனையில் எனக்கு 11.4. குளிசைக்கும் அதில் பங்கு உண்டு, அதை யாரும் இடையில் நிறுத்திவிடக் கூடாது. மகன் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிறந்தான். இப்போது அவனுக்கு வல்லாரைச் சம்பல் என்றால் ரொட்டி இரண்டு இறங்கும்.

போன தீபாவளிக்கு கணவரின் பெரியப்பா குடும்பம் வந்திருந்தது. மாமி வழக்கம்போல் கடைக்கு ஆள் அனுப்பினார், கோழி வந்தது. நானும் கீரைக் கட்டைத் தேடினேன். விறகுக்குப் பின்னால் இல்லை. அது அடுப்பில் இருந்தது. இலையில் கோழிக்குப் பக்கத்தில் சௌசௌ கொழுந்துச் சுண்டலை மாமி தன் கையால் வைத்தார். பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்த வருடத்தைக் கண்டவர். பிறகு எடுத்துச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த மழை ஓய்ந்ததும் சௌசௌ கொடிக்குப் புதுப் பந்தல் போட வேண்டும். பழையது பாரம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.